கல்லுக்கு நரம்பு கிடையாது ஐயா!

கஷ்டம் வந்தால் சந்தோஷப்படணுமாம். ஏன்னா ஆண்டவர் நம்மைச் செதுக்குறாராம். நம்ம குணத்தை உருவாக்குறாராம்.

வேலை போச்சா? உருவாக்குறார். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லையா? உருவாக்குறார். புருஷன் குடிச்சுட்டு வந்து அடிக்கிறானா? ரொம்ப ஆழமா உருவாக்குறார், பொறுமையா இருங்க சிஸ்டர்.

செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்து, ஞாயிறு தவறாமல் சபைக்குப் போய், மற்ற நாட்களில் மகேந்திரா சிட்டியில் ஆணி பிடுங்கும் சாதாரண விசுவாசி நான். இந்த டயலாக்கை ஞானஸ்நான வகுப்பு தொடங்கி போன வாரத்து ஜெபக்கூட்டம் வரைக்கும் கேட்டுக்கிட்டே இருக்கேன். ரொம்ப நாளா தொண்டையில் நிற்கும் முள் இது. இன்னைக்கு எடுத்துடலாம்.

அதுக்கு முன்னாடி ரெண்டு அறிவிப்பு.

நாத்திக நண்பர்கள் அவசரப்பட்டு விசில் அடிக்க வேண்டாம். கஷ்டத்தின் வழியா கடவுள் ஒரு மனுஷனை மாத்துவார்னு நானும் நம்புறேன். என் சண்டை அந்த நம்பிக்கையோட இல்லை. அதை யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்றாங்க என்பதோடதான். இந்து நண்பர்களும் "அப்பாடா, இது அவங்க வீட்டுச் சண்டை"ன்னு சாய்ந்து உட்கார வேண்டாம். உங்க பக்கம் இதே சரக்கு 'போன ஜென்மத்து கர்மா', 'தலையெழுத்து'ன்னு வேற பாட்டிலில் வருது. ஆபீஸ்லயும் உண்டு. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார வெச்சுட்டு, "இதெல்லாம் உன்னைப் பக்குவப்படுத்தும் தம்பி"ன்னு சொல்ற மேனேஜர் எல்லா மதத்திலும் இருக்கார் :)

சரி, மேட்டருக்கு வருவோம்.

உளிக் கதை

எங்க ஊரிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சா ஒரு மணி நேரத்தில் மாமல்லபுரம். அதனால இந்தப் பக்கத்துப் பிரசங்கியார்களுக்கு உவமைப் பஞ்சமே கிடையாது. கடற்கரைச் சாலையில் எங்காவது வாலிபர் முகாம் வெச்சா, ரெண்டாவது நாள் காலையில் கண்டிப்பா உளி வந்துடும். "பிள்ளைகளே, கல்லு அழுதா சிலை ஆகுமா? சிற்பி அடிக்கிற ஒவ்வொரு அடியும் அன்பு!"

கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் கேட்கிற பட்டறை ஒண்ணுல அரை மணி நேரம் நின்னு பார்த்தவன் இதைச் சொல்ல மாட்டான்.

முதல் விஷயம், சிற்பி கண்ட கல்லையும் அடிப்பதில்லை. தட்டிப் பார்ப்பார். ஓசையைக் கேட்பார். உள்ளே விரிசல் இருக்குன்னு சத்தத்திலேயே தெரிஞ்சா ஒதுக்கி வெச்சுடுவார். நம்ம ஆட்களோ, ஏற்கெனவே விரிசல் விட்டு நிற்கிற மனுஷனைத் தேடிப் பிடிச்சுத்தான் "இன்னும் ரெண்டு அடி தாங்கு, ஆண்டவர் முடிக்கல"ன்னு சொல்றாங்க.

ரெண்டாவது, மாமல்லபுரக் குன்றைச் சுத்தி வந்தா முடிக்காம விட்ட வேலைகள் எத்தனை! பாதி குடைந்த குகைகள், அடிப்பாகம் வெறும் பாறையாவே நிற்கும் ரதங்கள். அர்ச்சுனன் தபசு இருக்கும் அதே ஊரில் அதே காட்சியை இன்னொரு பாறையில் தொடங்கி அப்படியே விட்டிருக்காங்க. ஆயிரத்து முந்நூறு வருஷமா பாதியில் நிற்குது. முகாமில் காட்டும் படத்தில் முடிஞ்ச சிலை மட்டும்தான் வரும்.

மூணாவதுதான் முக்கியம். கல்லுக்கு நரம்பு கிடையாது ஐயா. அடிச்சா வலிக்காது. மனுஷனுக்கு வலிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துட்டா, அந்த உவமையில் மிச்சம் இருப்பது உளியும் சுத்தியலும் மட்டும்தான்.

சாட்சி சொல்ல வராதவர்கள்

"ஆனா எத்தனை சாட்சி இருக்கு! கஷ்டத்தில் உருவான எத்தனை பேர்!" என்பார்கள். இதுக்கு என் தொழில் பாஷையில் ஒரு பதில். சர்வர் மொத்தமா படுத்துட்டா, படுத்த பிறகு அது லாக் எழுதாது. எழுந்து நின்ன சர்வர்களின் லாக்கை மட்டும் படிச்சுட்டு "எங்க சிஸ்டத்தில் பிரச்சினையே இல்லை, எல்லாம் தானா எழுந்துக்குது"ன்னு ரிப்போர்ட் கொடுக்கிறவனை எந்த டீமிலும் வெச்சுக்க மாட்டாங்க.

சபையில் மைக் பிடிச்சு சாட்சி சொல்கிறவர் எழுந்து நின்னவர். அவருக்காக நானும் மனசாரக் கை தட்டுறேன். ஆனா அதே கஷ்டத்தில் உடைஞ்சு போனவங்க, குடிக்குப் போனவங்க, கசந்து போய் யார்கிட்டயும் பேசாம ஆனவங்க, தூக்கில் தொங்கினவங்க யாரும் மைக் பிடிக்க வரப் போறதில்லை. கஷ்டம் தானாவே மனுஷனை உருவாக்கும்னா அவங்க எல்லாரும் எங்கே?

களிமண்ணை மழையில் போட்டா அது பானை ஆகாது, சேறுதான் ஆகும். எரேமியா 18-ல் வரும் குயவன் வீட்டை எடுத்துப் பாருங்க. மண் கெட்டுப் போகுது, குயவன் அதையே மறுபடி எடுத்து வேறொரு பாண்டமா வனைகிறான். அதில் வேலை செய்வது கெடுதல் இல்லை, கை. நம்ம ஆட்கள் கையை விட்டுட்டுக் கெடுதலைக் கும்பிடுறாங்க.

இதுக்கு எங்க ஊரிலேயே சாட்சி இருக்கு. அதுவும் உடம்பில் கையைப் பற்றிய சாட்சி.

திருமணியில் ஒரு கைகுலுக்கல்

செங்கல்பட்டை அடுத்த திருமணி. இன்னைக்கு அங்கே இருப்பது மத்திய அரசின் தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம். 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கிறதுக்கு முன்னாடி அதன் பேர் லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனை. 1930-களில் அதன் தலைமை டாக்டரா வந்தவர் ராபர்ட் காக்ரேன். மிஷனரியின் மகன், தானும் மிஷனரி. பிறகு வேலூர் சி.எம்.சி.க்கு முதல்வரானவர்.

அந்தக் காலத்தில் தொழுநோய்க்கு மருந்துன்னு இருந்தது நீரடிமுத்து எண்ணெய் ஊசி. வலி அதிகம், பலன் சொற்பம். 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தபோது, விலை குறைந்த டாப்சோனை முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களில் காக்ரேனும் ஒருவர். ஏழை நாட்டு நோய்க்கு ஏழைக்குக் கட்டுப்படியாகும் மருந்து.

1947-ல் காக்ரேனின் அழைப்பில் திருமணிக்கு வந்தார் ஒரு இளம் அறுவை மருத்துவர், பால் பிராண்ட். 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். அவர் அங்கே ஒரு நோயாளியின் கையைப் பிடிச்சுப் பார்த்தார். விரல்கள் மடங்கி நகம் போல வளைஞ்ச கை. "அழுத்திப் பிடி" என்றதும் அந்த ஆள் பிடித்த பிடியில் டாக்டருக்கே வலித்துவிட்டது! செத்துப் போன கைன்னு எல்லாரும் நினைச்ச கையில் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

அதுக்கான பதில்தான் அவருடைய வாழ்நாள் வேலை. நோய் சில நரம்புகளைத்தான் கெடுக்குது. அந்த நரம்புக்குக் கட்டுப்பட்ட சின்னத் தசைகள் செயலிழப்பதால் விரல் மடங்குது. முழங்கைக்குக் கீழே இருக்கும் பெரிய தசைகள் நல்லாவே இருக்கு. அப்போ நல்ல தசையின் நாணை எடுத்து விரலுக்கு மாத்திக் கட்டினால் கை திறக்குமே? வேலூரில் செஞ்சு பார்த்தார். கை திறந்தது.

அதோடு இன்னொரு உண்மையும் வெளியே வந்தது. தொழுநோயில் சதை தானா அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் காயம் ஆகுது, அந்தக் காயம் தெரியாமலே வேலை செஞ்சு கை தேயுது. துருப்பிடிச்ச பூட்டைப் பெரியவர் திறக்க முடியாமல் திணற, ஒரு நோயாளிச் சிறுவன் சாவியை வாங்கிச் சட்டுனு திறந்துட்டான். பார்த்தால் விரல் எலும்பு வரைக்கும் கிழிஞ்சு ரத்தம். அவனுக்குத் தெரியவே இல்லை. ராத்திரி தூங்கும்போது எலி விரலைக் கடிச்சுட்டுப் போகுதுன்னு கண்டுபிடிச்ச பிறகு, நோயாளிகளுக்குப் பூனை கொடுத்து அனுப்பினாங்களாம். சிரிக்காதீங்க, மருத்துவ வரலாற்றிலேயே எனக்குப் பிடிச்ச மருந்துச் சீட்டு அதுதான்.

கை நேரான சிலருக்கு வேற ஒரு பிரச்சினை வந்தது. நேரான கைக்குப் பிச்சை விழல! அதனால வேலூரில் தங்க இடம் போட்டுத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தாங்க.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியா எழுதுறேன்? காக்ரேனும் பிராண்டும் ஜெபிக்கிற ஆட்கள். கடவுள் மனுஷனை உருவாக்குறார்னு முழுசா நம்பினவங்க. "இந்த நோய் மூலமா ஆண்டவர் உன்னைச் செதுக்குறார், மடங்கின கையோட பொறுமையா இரு"ன்னு நோயாளியிடம் சொல்லிட்டு அடுத்த ஊருக்குப் போயிருந்தா அவங்களுக்கு எவ்வளவு சுலபம்? மருந்து, அறுவை, பூனை, உளி (ஆமா, தச்சனோட உளி!) எதுவும் தேவைப்பட்டிருக்காது. அவங்க நம்பிக்கை வாயில் இல்லை, கையில் இருந்தது.

வலி வேற, காயம் வேற

இப்போ பாருங்க வேடிக்கையை. இதே பால் பிராண்டைத்தான் நம்ம பிரசங்கியார்கள் தங்கள் கட்சிக்குச் சாட்சியா இழுப்பாங்க. 1993-ல் அவர் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தின் தலைப்பே, வலி என்பது யாரும் விரும்பாத பரிசு என்கிற அர்த்தத்தில் இருக்கும். உடனே நம்மாளு, "பார்த்தீங்களா? பெரிய டாக்டரே சொல்லிட்டார். கஷ்டம் ஒரு பரிசு!"

நிறுத்துங்க. அவர் பரிசுன்னு சொன்னது வலியை. தொழுநோயை இல்லை, நெருப்பை இல்லை, எலியை இல்லை.

வலி என்ன செய்யும்? "கையை எடு"ன்னு கத்தும். அதுதான் அதன் வேலை. அமெரிக்காவுக்குப் போன பிறகு பிராண்டும் அவர் குழுவும் வலி தெரியாதவர்களுக்குச் செயற்கை வலி தர ஒரு கருவி செய்ய முயன்றாங்க. கையுறையில் அழுத்தம் அளக்கும் சென்சார், அளவு மீறினால் எச்சரிக்கை. வருஷக்கணக்கில் உழைச்சும் கைவிட வேண்டியதாச்சு. ஏன்னா ஏதாவது வேலையை முடிக்கணும்னா நோயாளி எச்சரிக்கையை அணைச்சுட்டு வேலையைத் தொடர்ந்தார். நிறுத்த முடியாத வலிதான் மனுஷனைக் காப்பாத்துதுன்னு பிராண்டுக்குப் புரிந்தது அங்கேதான்.

அப்போ "வலிக்குது"ன்னு ஒருத்தர் கத்தும்போது, "பொறுத்துக்கோ, இது பரிசு"ன்னு சொல்கிறவர் என்ன செய்யறார்? அலாரத்தை அணைக்கிறார். நெருப்பை அப்படியே விட்டுட்டு நரம்பை மட்டும் வெட்டுறார். பிராண்ட் எந்த நோயை எதிர்த்துப் போராடினாரோ, அந்த நோயை ஆத்துமாவுக்கு ஊசி போட்டு ஏத்துறார். ஒரு சபை முழுக்க இப்படி மரத்துப் போனா அதுக்குப் பேர் விசுவாசமா?

சீலோவாம் முதல் கொக்கிலமேடு வரை

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம்னு இந்தக் கரை முழுக்கக் கடல் ஏறி வந்தது. வேளாங்கண்ணியில் ஜெபிக்க வந்தவர்களையே அலை கொண்டுபோனது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் செத்தாங்க.

எனக்கு அப்போ விவரம் தெரியாத வயசு. விவரம் தெரிஞ்ச பிறகும் அந்தப் பேச்சு ஓயல. ஒருத்தர் நியாயத்தீர்ப்பு என்பார், இன்னொருத்தர் "இந்த ஜனங்களை ஆண்டவர் இதன் மூலமா உருவாக்கினார்" என்பார். ரெண்டாவது கொஞ்சம் மரியாதையான வார்த்தை. ஆனா அர்த்தம் யோசிங்க. ஒரு அம்மாவின் பொறுமையை வளர்க்க மூணு வயசுக் குழந்தையைக் கடலில் போடுகிறவரா நாம் கும்பிடும் தகப்பன்? அப்படி ஒரு மனுஷத் தகப்பன் இருந்தால் போலீஸில் பிடிச்சுக் கொடுப்போம்.

இயேசு இதுக்கு என்ன சொன்னார்னு லூக்கா 13-ல் இருக்கு. சீலோவாமில் கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேர் செத்தாங்க. அவங்க மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளான்னு அவரே கேட்டு, இல்லைன்னு அவரே பதில் சொல்றார். கேட்டுக்கிட்டு நின்னவங்களைத் திரும்பிப் பார்த்து, நீங்க மனம் திரும்புங்கன்னு முடிச்சுடுறார். செத்தவங்களுக்கு விளக்கம் கிடையாது, நிற்கிறவனுக்கு வேலை உண்டு.

யோவான் 9-லும் அதேதான். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செஞ்ச பாவம்னு சீஷர்கள் ஆராய்ச்சி பண்றாங்க. யாருடையதும் இல்லை, தேவனுடைய கிரியை இவனிடத்தில் வெளிப்படணும் என்கிறார். பிரசங்கியார்கள் இந்த வரியோட நிறுத்திப்பாங்க. அடுத்த வரிகளைப் படிங்க சார்! பகல் இருக்கும்போதே வேலை செய்யணும்னு சொல்லி, மண்ணில் துப்பிச் சேறு குழைச்சு, கண்ணில் பூசி, குளத்துக்குப் போய்க் கழுவச் சொல்றார். வெளிப்பட்ட கிரியை குருட்டுத்தனம் இல்லை, பார்வை.

"நாங்கள்" என்கிற வார்த்தை

ரோமர் 5-ஐக் காட்டாம யாரும் இந்த விவாதத்தை முடிக்க மாட்டாங்க. உபத்திரவத்திலிருந்து பொறுமை, பொறுமையிலிருந்து பரீட்சை, அதிலிருந்து நம்பிக்கைன்னு பவுல் ஒரு சங்கிலி போடுவார். அருமையான இடம். எனக்கும் பிடிக்கும். ஆனா அதை எழுதினவர் சவுக்கடி பட்டவர், கல்லெறி பட்டவர், சிறையில் கிடந்தவர். தன்னையும் சேர்த்துத்தான் 'நாம்' என்று எழுதுறார். ஏசியில் உட்கார்ந்துக்கிட்டு அடுத்தவரைப் பார்த்து 'நீ' என்று எழுதல. அதே பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூணு தடவை கெஞ்சியிருக்கார். "எடுத்துடுங்க"ன்னு கேட்பது அவிசுவாசம் இல்லைன்னு இதுலயே தெரியலையா?

இதுதான் நான் போடும் கோடு. "இந்தக் கஷ்டத்தில் கடவுள் என்னை மாத்தினார்" என்பது சாட்சி. அதைச் சொல்லும் உரிமை பட்டவருக்கு மட்டும்தான், அதுவும் பட்டு முடிச்ச பிறகு, அவராச் சொன்னால். "இந்தக் கஷ்டத்தில் கடவுள் உன்னை மாத்துறார்" என்று கஷ்டப்படுகிறவரிடம் போய்ச் சொல்வது சாட்சி இல்லை, தப்பிச்சுக்கிற வழி.

பால் பிராண்டின் அம்மா ஈவ்லின் இருந்தாரே, 1929-ல் கணவர் மலையில் காய்ச்சலில் இறந்துபோனார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் அந்தம்மா மலைக்குத் திரும்பிப் போய், 1974-ல் 95 வயசில் சாகும் வரைக்கும் மலை ஜனங்களோட இருந்தார். அவரைக் கஷ்டம் உருவாக்குச்சுன்னு சொல்லணும்னா அவர் சொல்லட்டும். அவர் கணவர் சவப்பெட்டி பக்கத்தில் நின்னு வேற யாரோ சொல்லியிருந்தால்?

யாருக்கு லாபம்?

இதெல்லாம் வெறும் வேதபாட விவாதம்னா நான் எழுதியே இருக்க மாட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா. பேர், ஊர், சபை எதுவும் வேண்டாம். புருஷன் அடிச்சு மணிக்கட்டு முறிஞ்சு, கட்டோட சபை மூப்பர்களிடம் போனாங்க. "அவசரப்படாதேம்மா. உன் பொறுமையால அவரை ஆண்டவர் மாத்துவார், உன்னையும் உருவாக்குறார்." ஜெபம் பண்ணி அதே வீட்டுக்கே அனுப்பி வெச்சாங்க. ரெண்டு மாசத்தில் மறுபடி அடி, இந்த முறை மண்டையில். அந்த மனுஷன் மாறல. அக்காதான் மாறினாங்க. சிரிக்கிறதை நிறுத்திட்டாங்க. இப்போ அம்மா வீட்டில், ரெண்டு பிள்ளைகளோட, தையல் மெஷின் மிதிச்சுக்கிட்டு இருக்காங்க. சபைக்கு வர்றதில்லை. "விசுவாசத்தில் பின்வாங்கிட்டா"ன்னு அதே மூப்பர்கள் வருத்தப்படுறாங்க!

இங்கே யார் குணம் உருவாகணும்? அடி வாங்கினவருடையதா, அடிச்சவனுடையதா, திருப்பி அனுப்பினவர்களுடையதா? கவனிச்சுப் பாருங்க, இந்த உளி எப்பவும் ஒரே பக்கம்தான் இறங்கும். மருமகள் மேல் இறங்கும், மாமியார் மேல் இறங்காது. வேலைக்காரன் மேல் இறங்கும், முதலாளி மேல் இறங்காது.

இது மூப்பர்கள் மட்டும் செஞ்ச தப்பும் இல்லை. 1869-ம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டப்படி, கிறிஸ்தவ மனைவி கொடுமையை மட்டும் காட்டி விவாகரத்து வாங்க முடியாது. கூடவே கள்ளத்தொடர்பையும் நிரூபிக்கணும். 2001-ல்தான் அதைத் திருத்தி, கொடுமை மட்டுமே போதுமான காரணம் ஆச்சு. அதே சட்டத்தில் 2019 வரைக்கும் தொழுநோய் ஒரு விவாகரத்துக் காரணமா உட்கார்ந்திருந்தது, மாத்திரையில் முழுசா குணமாகும் நோய் ஆகிப் பல வருஷம் கழிச்சும்! வீட்டில் அடி விழுந்தா பாதுகாப்பு உத்தரவு வாங்க 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு, 181-க்கு போன் பண்ணலாம். எந்த ஜெபக்கூட்டத்திலாவது இந்த நம்பரைச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? நான் கேட்டதில்லை.

அப்போ நம்பிக்கை எங்கே?

கடைசியில் நீயும் கடவுளை நம்பலையான்னு கேட்பீங்க. நம்புறேன். உருவாக்குகிறவர் அவர் என்பதால், அந்த வேலைக்கு நான் கணக்கெழுத வேண்டாம் என்பதுதான் என் நம்பிக்கை. எந்த அடி எதுக்குன்னு அடுத்தவர் வாழ்க்கைக்கு விளக்கவுரை எழுதும் பொறுப்பை அவர் எனக்குத் தரல. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாயைத் திறக்காம தரையில் கூட உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்களாத்தான் இருந்தாங்க. விளக்கம் கொடுக்க ஆரம்பிச்சாங்க, கெட்டது கதை. கடைசி அதிகாரத்தில் கடவுளுக்குக் கோபம் வந்தது யோபு மேல இல்லை, விளக்கம் சொன்னவங்க மேல.

எனக்கு வேலை போனா, எனக்கு நோய் வந்தா, நானும் அந்தக் குயவன் கையில்தான் போய் விழுவேன். என்னை வீணாக்க மாட்டார்னு சொல்லிக்குவேன். அதை நான் சொல்லிக்கிறேன். நீங்க வந்தா சாப்பாடு கொண்டு வாங்க, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி கூட இருங்க, வேலைக்கு ரெஸ்யூமே அனுப்பி விடுங்க. அக்கா மாதிரி யாராவது கதவைத் தட்டினால் படுக்க இடம் கொடுங்க, ஸ்டேஷனுக்குக் கூடப் போங்க. அப்போ உருவாகும் ஒரு குணம், உதவி செய்கிற உங்களுக்குள்ள. அதைத்தான் நான் கஷ்டத்தின் வழியா கடவுள் செய்யும் வேலைன்னு நம்புறேன்.

திருமணியில் அன்னைக்கு மடங்கின கை நேராகுறதுக்கு முன்னாடி, ஒரு டாக்டர் தன் கையை நீட்டினார். அவ்வளவுதான் விஷயம்.

டிஸ்கி 1: "நீ பைபிளையே எதிர்க்கிறாய் பிரதர்"னு பின்னூட்டம் போட வருகிறவர்கள், மேலே சொன்ன நாலைந்து அதிகாரங்களை முழுசாப் படிச்சுட்டு வரவும். பாதி வசனத்தோட வந்தால் பதில் கிடையாது.

டிஸ்கி 2: உடம்பில் உணர்ச்சி இல்லாத வெளிர் தேமல் யாருக்காவது இருந்தா அரசு ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்க. கூட்டு மருந்து இலவசம், ஆறு மாசமோ ஒரு வருஷமோதான். இந்தியாவில் இன்னமும் வருஷத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குத் தொழுநோய் புதுசாக் கண்டுபிடிக்கிறாங்க. தயவுசெஞ்சு அவங்களிடம் போய்ச் செதுக்குற கதை சொல்லாதீங்க :(